உப்பூரணி சேராமல் சொன்னது

உப்பூரணிக் கண்மாயின் உடைந்த கலுங்குக்குப் பக்கத்துத் தரை, தன்மேல் நிற்பவர்களின் மனத்தில் இருப்பதைத் தாளில் வரைந்து காட்டத் தொடங்கிய அன்று, அந்த ஊர்க்காரர்கள் முதலில் கவலைப்பட்டது மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான். எண்ணெய் தேடி வந்த கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாம்பார் சாதமும் அவித்த முட்டையும் தருவதாகச் சொல்லியிருந்தது. தரை இப்படி நடுவில் புகுந்து வேலையைக் கெடுத்தால் முட்டையின் கதி என்ன என்று கேட்டவர்களில் என் மாமனாரும் ஒருவர். நான் அந்த ஊருக்கு மருமகன், கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு, அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உப்பூரணிக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் யார் வந்து எதைக் கேட்டாலும், பிள்ளையார் கோவில் சிமெண்டுத் தளத்தில் கூடி உட்கார்ந்து, இதுதான் பதில் என்று முடிவுசெய்து, பிறகு ஊர் முழுக்க அதையே சொல்வார்கள். என் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போன என் அப்பா, பஸ் நிறுத்தத்திலும் சலூனிலும் ரேஷன் கடையிலும் "பிள்ளை தங்கம், கோவம் மட்டும் லேசா வரும்" என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுவிட்டு, இத்தனை பேர் சொல்லும்போது பொய்யாகவா இருக்கும் என்று அன்றைக்கே தட்டை மாற்றிவிட்டார். அந்த 'லேசா' எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பொய்யிலும் ஒரு பிரியம் இருந்தது, தங்கள் பெண் நல்ல இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற பிரியம், அதனால் நான் யாரையும் குறை சொல்வதில்லை.

கம்பெனி வண்டிகள் வந்தது கோடையில், கண்மாய் வெடித்துக் கிடந்த காலம். யானை உட்கார்ந்து எழுவதுபோலத் தரையில் ஒரு பெரிய இரும்புத் தகட்டை அழுத்தி அதிரவைக்கும் லாரி ஒன்று, உள்ளே குளிர்சாதனம் ஓடும் கூண்டு வண்டி ஒன்று, கிலோமீட்டர் கணக்கில் கம்பி, அந்தக் கம்பியில் கோத்த, தரையில் குத்தி நிறுத்தும் சின்னச் சின்னக் கருவிகள். லாரி தட்டினால் அதிர்வு பூமிக்குள் போய், ஆழத்தில் இருக்கிற பாறையில் பட்டுத் திரும்பி வரும், வருவதை இந்தக் கருவிகள் கேட்டுச் சொல்லும் என்றார்கள். ஊர் அவற்றுக்குக் 'காது' என்று பேர் வைத்தது. காது நடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்று நடப் போகிற மாதிரி பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினார்கள்.

வேலைக்குத் தலைமை புளோரன்ஸ் என்ற பெண். தூத்துக்குடிக்காரி, முப்பது வயதுக்கு மேல் இருக்கும், வெயிலில் கறுத்த முகம், ஆண்கள் எல்லாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். அந்த வார்த்தைக்காகவே என் மாமனார் கருமலையான் தன் டீக்கடையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காது நடப் போனார். முதல் நாளே புளோரன்ஸ் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னாள். ஒரு தடவை தட்டிக் கேட்டால் ஒன்றும் விளங்காது, காற்று அடிக்கிற சத்தம், ஆடு நடக்கிற சத்தம், ரோட்டில் பஸ் போகிற சத்தம் எல்லாம் சேர்ந்து பூமியின் பதிலை மூடிவிடும். அதனால் பூமிக்குள் இருக்கிற ஒரே இடத்தைப் பல பக்கத்தில் நின்று, பல தூரத்தில் நின்று, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். தூரத்தில் நின்று கேட்டால் பதில் கொஞ்சம் தாமதமாக வரும், அந்தத் தாமதத்தைக் கழித்து நேராக்கிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்ட வேண்டும். காற்றும் ஆடும் பஸ்ஸும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி, ஆகவே கூட்டும்போது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அழிந்துபோகும். பாறை மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, அதனால் அது மட்டும் கூடிக் கூடிப் பெரிதாகி வந்து நிற்கும். உப்பூரணிக்காரர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். பல பேர் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று அவர்களுக்குப் புரிந்தது, இத்தனை நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று சந்தோஷமும் பட்டார்கள்.

இங்கே நாகவள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரின் ஒரே மாவு மில் அவளுடையது. அவள் ஊருக்கு வந்தது கண்மாய் உடைந்த பெருவெள்ளத்தில், பிறந்து சில நாளே ஆன சிசுவாக. மில்லுக்கார வீரணன் வீட்டில் தூங்கினாள் என்பதைத் தவிர, அவள் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாதபடி, பால் ஒரு வீடு, எண்ணெய்க் குளியல் ஒரு வீடு, காது குத்து ஒரு வீடு, சடங்கு ஊர்ப் பொது என்று வளர்ந்தாள். மினி லாரி ஓட்டும் இருளப்பனுக்கு ஊரே கூடிக் கட்டிக்கொடுத்தது. கம்பெனி வந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம்.

அவளிடம் ஊர் சொல்லிவைத்திருந்தது இதுதான்: வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம், கரைமேல் ஒரு கட்டம்போட்ட துணியில் சுற்றி நீ கிடந்தாய், பக்கத்தில் யாரும் இல்லை. எந்த வீட்டில் கேட்டாலும் அதே கட்டம்போட்ட துணி, அதே கரை, அதே 'யாரும் இல்லை.' சின்ன வயதில் அவள் இதைக் கதை மாதிரிக் கேட்டாள். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு அது வேறு மாதிரிக் கேட்டது. என் மனைவியிடம் ஒருநாள் மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்கிறாள்.

"எனக்குப் பயமா இருக்கு மதினி. பெத்த பிள்ளையக் கரையில போட்டுட்டுப் போனவ வயித்துல பொறந்தவ நான். அந்தப் புத்தி எனக்குள்ளயும் கெடந்து, நாளைக்கு நானும் போட்டுட்டுப் போயிட்டா?"

அப்படியெல்லாம் இல்லை என்று என் மனைவி சொல்ல வாயெடுத்திருக்கிறாள். ஆனால் இல்லை என்பதற்கு அவளிடம் என்ன ஆதாரம்? அவளும் உப்பூரணியில் பிறந்தவள், அவளுக்கும் கட்டம்போட்ட துணிதான் தெரியும். நாகவள்ளி அதோடு நிற்காமல், பிரசவமானதும் பிள்ளையை நாத்தனாரிடம் கொடுத்துவிடுவது என்று பேசியும் முடித்திருந்தாள். நாத்தனார் இருப்பது திருப்பூரில். தன்னிடம் இல்லாமல் இருந்தால்தான் பிள்ளைக்குப் பத்திரம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

கம்பி கலுங்குக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிவதற்காகக் கரையில் கட்டிய கல்கட்டு. வெள்ளத்தில் பாதி போய்விட்டது, மிச்சம் பாதி பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது. காது நட வந்த ஆட்கள், யாரும் சொல்லாமலே, கரையின் சரிவில் ஒருவர், பள்ளிக்கூட மேட்டில் இருவர், பனைமரத்தடியில் என் மாமனார் என்று ஆளுக்கொரு இடத்தில் போய் நின்றுகொண்டார்கள். லாரி தட்டியது. தட்டியதையெல்லாம் கூட்டி, கூண்டு வண்டிக்குள் இருந்து தாள் வந்தது. அந்தத் தாளில் நேரம் மேலிருந்து கீழே ஓடும், மேலே முதலில் வந்தது, கீழே பிறகு வந்தது. வழக்கமாக அதில் பாறை அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். அன்று பாறை இல்லை. நெஞ்சளவு தண்ணீரில், கலுங்குக் கல்மேல், மங்கலாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

புளோரன்ஸ் கம்பியைச் சரிபார்க்கச் சொன்னாள், காதுகளைப் பிடுங்கி நடச் சொன்னாள், லாரியை மறுபடி தட்டச் சொன்னாள். பெண் போகவில்லை. அந்த இடத்தில் காலூன்றி நிற்கிறவர் மனத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ அதைத்தான் தரை தருகிறது என்பது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சோதித்துப் பார்க்க நின்ற இருளப்பனின் தட்டலில் மினி லாரியின் புது டயர் நான்கும் தெளிவாக வந்தன. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. வண்டிக்குக் குங்குமம் வைத்தார்கள், தகட்டுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், தொலைந்த மூக்குத்தியை எங்கே வைத்தேன் என்று கேட்க வந்த சேதுராக்கு, மூக்குத்திக்குப் பதிலாகத் தன் மாமியாரின் முகம் தாளில் வந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய் மாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். புளோரன்ஸ் தன் மேலதிகாரியிடம், இந்த இடத்தில் பதில் கலங்கலாக இருக்கிறது, இன்னும் சில நாள் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும் என்று போனில் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அதற்கு முன்பே, அந்த முதல் தாள் வந்த கையோடு, தலையெல்லாம் மாவு படிந்தபடி நாகவள்ளி வந்துவிட்டாள். தாளை வாங்கிப் பார்த்தாள். இது யார் என்று கேட்டாள். எல்லாரும் வெயிலைப் பார்த்தார்கள், ஆட்டைப் பார்த்தார்கள், முட்டை வந்துவிட்டதா என்று பார்த்தார்கள். யாரோ ஒருத்தி என்று ஒருவர் சொன்னார். அவள் தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே மில்லுக்குத் திரும்பிப் போனாள்.

ஊர் கூடியது. பிள்ளையார் கோவில் தளத்தில், மறுநாள் காலையில், பெரியவர்கள் எல்லாரும். எதற்காகக் கூடினார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், ஆனால் முடிவு ஒன்றுதான். மாசமாக இருக்கிற பிள்ளை மனம் கலங்கக் கூடாது. நாம் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். எல்லாரும் போய் நின்று, கரையையும் துணியையும் மட்டும் மனத்தில் பிடித்துக்கொண்டு நிற்போம், தரை அதையே வரைந்து கொடுத்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. துணியின் நிறம் நீலமா பச்சையா என்று கொஞ்ச நேரம் விவாதித்து, நீலம் என்று முடிவுசெய்து, முடிச்சு இடது பக்கம் என்றும் பேசி வைத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிற மாதிரி வரிசையாகக் கண்மாய்க்குப் போனார்கள்.

வந்த தாள் போட்டோ மாதிரி இருந்தது. கரை, கரைமேல் நீலக் கட்டம்போட்ட துணி, இடது பக்கம் முடிச்சு, சுற்றிலும் யாரும் இல்லை. ஊர் பெருமையோடு நின்றது. நாகவள்ளி அதைப் பார்த்தாள், பிறகு சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மில்லில் அரைக்க எதுவும் இல்லாமலே அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்று என் மனைவி சொன்னாள். திருப்பூருக்குப் போன் செய்து, எட்டாம் மாதமே வந்து கூட்டிக்கொண்டு போகும்படி நாத்தனாரிடம் அவள் சொன்னதும் அன்றைக்குத்தான்.

புளோரன்ஸுக்கு மட்டும் அந்தத் தாள் பிடிக்கவில்லை. தனித்தனித் தட்டல்களை எடுத்து வரிசையாகப் பரப்பி, என் மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும்.

"அண்ணாச்சி, இதுல காத்துகூட எல்லாத்துலயும் ஒரே மாதிரி அடிக்கி. முடிச்சுல தொங்குத நூலுகூட ஒண்ணுபோல இருக்கு. தனித்தனியா பாத்தவங்களுக்கு இப்படி வராது. பேசி வச்சுக்கிட்டு வந்தா பொய்யும் கூடிக் கூடிப் பெருசாத்தான் நிக்கும். கூட்டல் கணக்குக்கு அது பொய்யின்னு தெரியாது."

என் மாமனார் அன்றைக்கு முட்டை சாப்பிடவில்லை. அவர் முட்டை சாப்பிடாத நாள் என் மாமியாருக்குத் தெரிந்து இரண்டோ மூன்றோதான், ஒன்று அவர் அம்மா செத்த நாள்.

அடுத்த நாள் நாகவள்ளி வீடு வீடாகப் போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. எந்த வீட்டுக்குள்ளும் போய் உட்காரவில்லை, யார் கொடுத்த மோரையும் மறுக்கவில்லை. எல்லா வாசலிலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். நாங்கள் அப்போது மாமனார் வீட்டில்தான் இருந்தோம், டீக்கடை வாசலில் அவள் சொன்னதை நான் கேட்டேன்.

"மாமா, நான் சண்டைக்கு வரல. நீங்க எல்லாரும் சேந்துதான் என்னய வளத்தீக, அந்த நன்றி என் தோலு உள்ள வரைக்கும் இருக்கு. ஒரே ஒரு தடவ மட்டும், சேராமச் சொல்லுங்க."

அவள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள். என் மாமனார் கண்ணாடி டம்ளரைக் கழுவினார், கழுவியதையே மறுபடி கழுவினார், பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், யாரையும் கூப்பிடாமல், கண்மாயைப் பார்த்து நடந்தார். உப்பூரணியில் ஒரு ஆள் தனியாக ஒரு முடிவுக்கு வந்து நடப்பதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

பனைமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். லாரி தட்டியது. அவர் பின்னாலேயே சேதுராக்கு வந்தாள், அவள் நின்றது பள்ளிக்கூட மேடு. பிறகு சலூன்காரர், பிறகு ரேஷன் கடைக்காரர், பிறகு ஒவ்வொருவராக, முந்தைய ஆள் போய்விட்டானா என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டுப் புளோரன்ஸிடம் தனியாக ஒன்றைச் சொன்னார்கள், இதை வேறு யாருக்கும் காட்டிவிடாதே என்றார்கள். அவள் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் எல்லாரும் சொன்னது ஒன்றுதான் என்பதைப் பிறகு அவர்கள் வாயாலேயே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நடந்தது இது. கரிமூட்டம் போட்டு அடுப்புக்கரி எடுக்க வந்த கூட்டத்தில் ஒருத்தி, பிள்ளை பெற்ற உடம்போடு கூட்டத்தைத் தொடர்ந்து போக முடியாமல், கண்மாய்க்கு அந்தப் பக்கம் குடிசையில் தங்கிவிட்டாள். பேர் யாருக்கும் தெரியாது. கரை உடைந்தபோது அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கலுங்குமேல் ஏறியிருக்கிறாள். ஊர் ஓடி வந்தது. வடம் எட்டவில்லை, கையோடு கை கோத்து ஆட்கள் தண்ணீரில் இறங்கினார்கள், பிள்ளை அவள் கையிலிருந்து ஒரு கைக்கு, அந்தக் கையிலிருந்து அடுத்த கைக்கு என்று வந்துகொண்டிருந்தது. பிறகு கரையின் அடுத்த துண்டும் போய்விட்டது, கோத்த கைகள் விட்டுப்போயின, ஆட்கள் தப்பிக் கரையேறினார்கள், மறுபடி யாராலும் இறங்க முடியவில்லை. அவள் கலுங்கில் நின்றாள். நின்றவள் கையெடுத்துக் கும்பிட்டாள், பிறகு கையை ஆட்டினாள், பிறகு கலுங்கின் அந்தப் பாதி இல்லை.

பார்த்துக்கொண்டா நின்றீர்கள் என்று மறுநாள் ஒரு அதிகாரி வந்து கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் கோவில் தளத்தில் கூடி, யாரையும் பார்க்கவில்லை, வெள்ளம் வடிந்தபின் பிள்ளை மட்டும் கிடந்தது என்று பேசி முடித்தார்கள். அதிகாரி வந்து எழுதிக்கொண்டு போனார். அதிகாரிக்குச் சொன்னதையே பிள்ளைக்கும் சொன்னார்கள். ஆனால் அதற்குள் இன்னொன்று இருந்தது, அதைக் கோவில் தளத்தில்கூட யாரும் பேசவில்லை. அந்தக் கும்பிடு தன்னைப் பார்த்துத்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். என்னைக் கும்பிட்டு, வா வா என்று என்னைத்தான் கூப்பிட்டாள், நான் போகவில்லை. இத்தனை வருஷமும் அவரவர் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் மாமனார் கூண்டு வண்டி வாசலில் நின்று இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னயத்தான் கூப்புட்டா தாயி. நான் பனையப் பிடிச்சுக்கிட்டு நிண்டேன். கை விரல் பதிஞ்ச இடம் இன்னும் மரத்துல இருக்கும், போயிப் பாரு."

புளோரன்ஸ் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் கூட்டினாள். குழம்பிப்போய் வந்தது. தண்ணீரும் மழையும் ஒரு பெண்ணும், அந்தப் பெண்ணுக்குப் பத்துப் பக்கமும் கைகள், எந்தக் கை எப்போது எழுந்தது என்று தெரியவில்லை, கும்பிடுவதும் ஆட்டுவதும் பிள்ளை போவதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. புளோரன்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவரவர் நின்ற தூரத்தை அவள் இன்னும் கழிக்கவில்லை. கரைச் சரிவில் நின்றவருக்குச் சீக்கிரம் வந்தது, பனைமரத்தடியில் நின்றவருக்குத் தாமதமாக வந்தது, இரண்டையும் அப்படியே கூட்டினால் எது முன், எது பின் என்பது போய்விடும். ஆகவே அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி, ஒவ்வொருவர் நின்ற இடத்தையும் கலுங்கிலிருந்து அளந்தாள். அளந்த தூரத்துக்குத் தக்கபடி ஒவ்வொருவருடைய தட்டலையும் மேலே நகர்த்தினாள். கரை உடைந்த அதிர்வு எல்லாருடைய தாளிலும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை நகர்த்தினாள். நாகவள்ளி அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் வெளியே நின்றது, கூட்டமாக இல்லை, ஆளுக்கொரு பக்கம்.

மறுபடி கூட்டினாள். தாள் மெதுவாக வந்தது.

அதில் அந்தப் பெண்ணின் சேலை போய்விட்டிருந்தது, ஏனென்றால் ஒருவர் சிவப்பையும் ஒருவர் பச்சையையும் ஒருவர் கிழிசலையும் பார்த்திருந்தார்கள். அவள் முகம் போய்விட்டிருந்தது. மழை போய்விட்டிருந்தது, பனையைப் பிடித்த கைகளும், கூச்சலும், அவரவர் வெட்கமும் எல்லாம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அழிந்துபோயிருந்தன. மிச்சம் இருந்தது கொஞ்சம்தான், ஆனால் அது செதுக்கிவைத்ததுபோல இருந்தது. நாகவள்ளி மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போனாள். மேலே, கலுங்கில் ஒரு பெண், கையில் பிள்ளை. அதற்குக் கீழே, பிள்ளை ஒரு கையில், பிறகு அடுத்த கையில், கைகள், கைகள், யாருடையவை என்று தெரியாத கைகள். அதற்குக் கீழே, பிள்ளை கரையில், யாரோ அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறார்கள். அதற்கும் கீழே, அதன் பிறகு, பிள்ளை கரையேறியதைப் பார்த்த பிறகுதான், அந்தப் பெண் தலைக்குமேல் கைகுவித்துக் கும்பிடுகிறாள். கடைசியில் அந்தக் கைகள் பிரிந்து விரிகின்றன. உள்ளங்கைகள் கரையைப் பார்த்து இருந்தன. அவை யாரையும் கூப்பிடவில்லை. தள்ளின. மிச்சக் கரையும் உடையப்போகிறது, போங்கள், பிள்ளையோடு போங்கள் என்று தள்ளின.

புளோரன்ஸ் அழுதுகொண்டிருந்தாள். நாகவள்ளி அழவில்லை, விரலை அந்த உள்ளங்கைகளின்மேல் வைத்தபடி இருந்தாள், பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, எட்டி எட்டி நின்ற ஊரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்கள வரச் சொல்லல. பிள்ளைய வாங்கிக்கிட்டீக, போதும், போயிருங்கன்னு சொல்லியிருக்கு எங்கம்மா. நன்றி சொல்லியிருக்கு. நீங்க யாரும் வாங்கிக்கவே இல்ல."

என் மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சேதுராக்கு வாய்விட்டு அழுதாள், அந்த அழுகையில் ஒரு சிரிப்பும் இருந்தது. இத்தனை காலமாக வாசலில் வந்து நின்றுகொண்டிருந்த ஒரு நன்றியை, கடன்காரன் என்று நினைத்துக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது ஊர். அன்றைக்கு ஆளாளுக்கு, தனித்தனியாக, திறந்து உள்ளே விட்டார்கள். அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு நானும் நன்றி சொன்னேன். என் மாமனார் அன்று பனையை விட்டுவிட்டு இறங்கியிருந்தால் என் மனைவிக்கு அப்பா இருந்திருக்க மாட்டார்.

கம்பெனி அந்த வாரமே கிளம்பிவிட்டது. எண்ணெய் இல்லையாம். தரை இப்போது சாதாரணத் தரைதான், ஆடு மேய்கிறது. புளோரன்ஸ் போகும்போது ஊர் அவளுக்கு முறுக்குக் கட்டிக்கொடுத்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளாததால் ஆளாளுக்கு முறுக்கே கொண்டுவந்து, வண்டியில் உட்கார இடமில்லாமல் போனது.

திருப்பூரிலிருந்து நாத்தனார் வந்தாள். நாகவள்ளி அவளுக்கு மீன்குழம்பு வைத்துப் போட்டு, மன்னிப்புக் கேட்டு, புதுச் சேலை எடுத்துக்கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இருளப்பனின் மினி லாரி ஊர் எல்லைக்கு வந்தபோது, அன்று பெய்திருந்த மழையில் தெரு சேறாகக் கிடந்தது, லாரி உள்ளே வரவில்லை. தெருவில் ஊர் நின்றது, வாசலுக்கு வாசல், ஆளுக்கு ஆள். நாகவள்ளி இறங்கி, கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள், முதலில் நின்ற சேதுராக்குவிடம் கொடுத்தாள். சேதுராக்கு அடுத்த கைக்குக் கொடுத்தாள். பிள்ளை கையிலிருந்து கைக்குப் போனது, சலூன்காரரின் சோப்பு மணக்கிற கை, ரேஷன் கடைக்காரரின் சீனி ஒட்டிய கை, கடைசியாக, நாகவள்ளி வீட்டுக்கு முன்னால் நின்ற என் மாமனாரின் டீக்கறை படிந்த கை. அவர் வாங்கியதும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார், தெரு முனைவரை எல்லாருக்கும் தெரியும்படி.

அதற்குள் நாகவள்ளி சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக எல்லாரையும் தாண்டி நடந்து வந்து, தன் வீட்டு வாசலில் நின்று, கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.